வால்பக்கத்துப் படிக்கட்டு

எனக்கு முன்னால் நின்ற மனிதர் வாந்திப் பையை முகர்ந்து பார்த்தார். வெறும் பைதான், யாரும் பாவிக்காதது. இருக்கையின் முதுகிலிருந்து இரண்டு விரலால் அதை இழுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தார். பிறகு தடித்த பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்து மார்போடு சேர்த்துக்கொண்டார். ஓய்வு பெற்ற வயது. கழுத்துப்பட்டி முழுக்கக் குட்டிக்குட்டி விமானங்கள். கண் கலங்கியிருந்தது. அந்தப் பைகளை ஒவ்வொரு இருக்கையாகச் செருகியவன் நான். எங்கோ ஒரு கிடங்கில் இத்தனை வருடம் கிடந்த பெட்டியைத் திறந்தபோது மேலிருந்த பைக்கட்டில் எலிப்புழுக்கை ஒட்டியிருந்தது. தட்டிவிட்டுச் செருகினேன்.

நான் இந்த விமான நிலையத்தில் இரவு வேலை செய்கிறேன். பயணிகள் இறங்கிப் போனபிறகு ஏறி, அவர்கள் விட்டுப்போன அழுக்கை அள்ளுவது வேலை. அதற்கு முன்னம் ஆஹென் நகரத்தில் இயந்திரவியல் படித்தேன். ஒரே பாடத்தில் திரும்பத் திரும்ப விழுந்து, இனி ஜெர்மனியின் எந்தப் பல்கலைக்கழகத்திலும் அந்தத் துறையைப் படிக்க முடியாது என்று ஆனபிறகு, ஹம் நகரத்துக்கு வந்து அக்கா வீட்டின் நிலவறையில் குடியேறினேன். பகலில் நித்திரை. அத்தானின் ஆட்கள் வரும் நாட்களில் நான் மேலே ஏறி வராமல் இருப்பது எல்லாருக்கும் வசதி. ஆனால் அன்றைக்கு எனக்குப் பட்டுவேட்டி, பட்டுச்சட்டை, கழுத்தில் அத்தான் தன் கையால் போட்டுவிட்ட சங்கிலி. வேலை முடிந்து வந்து, ஊழியர் கழிப்பறையில் முகம் கழுவி, அங்கேயே உடுப்பு மாற்றினேன். நகக்கண்ணில் இருந்த கறுப்பு மட்டும் போகவில்லை. அன்றைக்கு நான் தாய்மாமன்.

விமானம் ஐரோப்பாவில் இனிப் பறக்கப் போவதில்லை. மூன்று எஞ்சினும் வாலோடு ஒட்டிய பழைய பயணிகள் ஜெட். கிழக்கில் ஏதோ ஒரு அருங்காட்சியகம் வாங்கியிருந்தது. அதை அங்கே கொண்டுபோய் நிறுத்த முன்னம் ஒருமுறை ஏறிப் பறக்கவேண்டும் என்று பழைய விமானங்களில் பைத்தியமான ஒரு சங்கம் அதை வாடகைக்கு எடுத்தது. எழும்பி, றைன் ஆற்றுப்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி, எழும்பிய இடத்திலேயே இறங்குவது. எங்கேயும் போகாத பயணம். அதற்கு இங்கிலாந்திலிருந்தும் நோர்வேயிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். எல்லாரும் பின்பக்க இருக்கைகளுக்கு அடிபட்டார்கள், எஞ்சின் சத்தம் அங்கேதான் நன்றாகக் கேட்குமாம். முன்வரிசைகள் விற்கவில்லை. சங்கத் தலைவர் ஹோல்ட்காம்ப் ஓய்வுபெற்ற பல்மருத்துவர். அவர் விமான நிலையக் கன்ரீனில் எங்கள் மேற்பார்வையாளரிடம் இதைச் சொல்லிக் கவலைப்பட்டதை நான் வீட்டில் சாப்பாட்டு மேசையில் ஒரு நக்கலுக்குத்தான் சொன்னேன். இப்படியும் விசரர் இருக்கிறார்கள், வாலில் படிக்கட்டு இறங்குவதைப் படம் எடுக்க நாடு விட்டு நாடு வருகிறார்கள் என்று. அத்தான் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்.

"வாலுக்காலயோ இறங்கிறது?" என்று கேட்டார்.

அத்தான் விமலநாதனுக்கு இரண்டு கடை. ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர்த் திருவிழாவில் நடுத்தெருவில் நல்ல இடம் அவருடையதுதான். பெரியபிள்ளையான மகள் வேணுஜாவின் சாமத்தியவீட்டுக்கு என்ன செய்வதென்று மாதக்கணக்காக யோசித்துக்கொண்டிருந்தார். சுவிசில் ஒருவர் மகளை ஹெலிகொப்டரில் இறக்கிவிட்டார். லண்டனில் வெள்ளைக் குதிரை வண்டி. பாரிசில் படகு. எல்லாம் ஆட்கள் செய்து முடித்துவிட்டார்கள். விமானத்தின் வால் திறந்து, படிக்கட்டு மெல்ல இறங்க, அதில் தாய்மாமன் கையைப் பிடித்துப் பெண்பிள்ளை இறங்கி வருவதை இன்னும் ஒருவரும் செய்யவில்லை. அடுத்த நாள் காலையே அவர் ஹோல்ட்காம்பைப் போய்ப் பார்த்தார். முன்வரிசைகள் எல்லாம் விற்றுப்போயின. சனிக்கிழமை பறப்பு, ஞாயிற்றுக்கிழமை மண்டபம். சனிக்கிழமை எடுக்கும் வீடியோவை ஞாயிற்றுக்கிழமை பெரிய திரையில் போட்டு, அதற்குப்பிறகு பிள்ளையை உள்ளே கூட்டிவருவது.

வேணுஜாவுக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூட ஹான்ட்போல் அணியில் கோல் காக்கிறவள். முழங்காலில் எப்போதும் காயம். அது வந்தது மாசி மாதம், பயிற்சிக்குப் போன இடத்தில். வீட்டுக்கு வந்து தாயிடம் சொன்னாள், தாய் ஊருக்கே சொன்னார். வேலை முடிந்து நித்திரையிலிருந்த என்னை எழுப்பிக் கொண்டுபோய்க் குளியலறையில் நிறுத்தி, சட்டையோடு இருந்த பிள்ளையின் தலையில் தண்ணீர் வார்க்கச் சொன்னார்கள். அவள் சுவரைப் பார்த்தாள், நான் குழாயைப் பார்த்தேன். அத்தானின் தங்கைமார் வாசலில் நின்று குரவை போடலாமா கூடாதா, பக்கத்துவீட்டு ஜெர்மன்காரி பொலிசுக்குப் போன் அடிப்பாளா என்று விவாதித்தார்கள். பிறகு ஒவ்வொரு நாள் காலையும் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும். மூக்கைப் பொத்தி விழுங்கவைத்து, சத்தி எடுத்தால் இன்னொன்று. நிலவறையில் படுத்திருக்கும்போது மேலே அவள் ஓங்காளிக்கிற சத்தம் கேட்கும். கேட்டுக்கொண்டு நித்திரையாகிவிடுவேன். விழாவை ஆவணியில் வைத்தார்கள், மண்டபம் அப்போதுதான் கிடைத்தது.

ஓடுபாதைப் பக்கம் போகிற எல்லாரும் மஞ்சள் மேலங்கி போடவேண்டும் என்பது சட்டம். வேணுஜாவின் கூறைச்சேலை மாதிரியான சிவப்புப் பட்டுக்கு மேல், ஒளிரும் பட்டி வைத்த, தெருவேலைக்காரர் போடும் அங்கி. அத்தான் இதற்காக விமான நிலைய அலுவலகத்தில் நாலு தரம் சண்டை பிடித்தார். அவர்கள் அசையவில்லை. வீடியோக்காரன் றெக்ஸ்தான் அவரைச் சமாதானப்படுத்தினான். மன்னார்ப் பொடியன், தேவாலயக் கலியாணமும் எடுப்பான், சாமத்தியவீடும் எடுப்பான், செத்தவீடும் எடுப்பான்.

"மஞ்சள் மங்களந்தானே அண்ணை. பேந்து நான் அதைக் கொம்பியூட்டரில அழிச்சுவிடுறன். வேணுமெண்டால் பிளேனையும் அழிக்கலாம்."

அத்தான் சிரிக்கவில்லை.

நாங்கள் ஏறியபோது பின்பக்கம் நிரம்பியிருந்தது. ஏறக்குறைய எல்லாரும் ஆண்கள், ஏறக்குறைய எல்லாரிடமும் கமெரா. உள்ளே பழைய கம்பளத்தின் நாற்றம், மண்ணெண்ணெய் நாற்றம், எத்தனையோ வருடத்துச் சிகரெட் நாற்றம். நான் எவ்வளவு உரஞ்சியும் போகாத நாற்றம். அதை அவர்கள் வாயால் குடித்தார்கள். கைப்பிடியில் இருந்த சாம்பல் கிண்ணங்களைத் திறந்து மூடித் திறந்து மூடி, அந்தக் கிளிக் சத்தத்துக்கு ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். ஒரு கிண்ணத்தின் அடியில் கல்லாகிப்போன சூயிங்கம் ஒன்று, யாரோ ஒருவரின் பல் பதிந்தபடி இருந்தது. நேரமில்லாமல் விட்டுவிட்டேன். அதை ஒருவர் வீட்டுச் சாவியால் நோண்டி எடுத்துக் கடித உறைக்குள் போட்டார். நாற்பது வருடத்து எச்சிலை வீட்டுக்குக் கொண்டுபோகிற மனிதர், எங்கள் பக்கத்திலிருந்து வந்த மல்லிகைப்பூ மணத்துக்கு மூக்கைச் சுளித்தார். வாசனை கலந்தால் உண்மையான அனுபவம் கெட்டுவிடுமாம். பணிப்பெண்ணிடம் முறையிட்டார்.

எங்கள் பக்கமும் பெரிய திறமில்லை. அத்தானின் மூத்த தங்கை என் வேட்டியைப் பார்த்து, மாமன்காரன் மாப்பிள்ளை மாதிரி வெளிக்கிட்டிருக்கிறான், இவனுக்கு எப்ப பிளேன் பிடிக்கிறது என்றார். மற்றவர், முதலில பொம்பிளை பிடிக்கட்டும், இரவில முழிச்சிருக்கிறவனுக்கு ஆந்தைதான் கிடைக்கும் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சுந்தரேஸ்வரியும் சிரித்தார், என்னைப் பார்க்காமல். வேணுஜா எனக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் இருந்தாள். தலையில் யாருடையதோ மயிரில் செய்த நீளப் பின்னல், அதன் மேல் பொன்முலாம் பூசிய தகடுகள். முகத்தில் இரண்டு நிறம் வெளுப்பாகப் பூச்சு. தாடைக்குக் கீழே, பூச்சு முடிகிற இடத்தில், அவளுடைய சொந்தத் தோல் ஆரம்பித்தது. காலை மூன்று மணிநேரம் அதைப் பூசினார்களாம். காய்ச்சல்காரி மாதிரி இருந்தாள்.

எழும்பும்போது எஞ்சின் கத்தியது. பின்னால் ஒருவர் விம்மி அழுதது அதற்கு மேலால் கேட்டது. ஒவ்வொருவரும் போனையோ ஒலிப்பதிவுக் கருவியையோ தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மூச்சைக்கூட அடக்கியிருந்தார்கள். அத்தானின் சின்னத் தங்கையின் கைக்குழந்தை வீரிட்டபோது நாலைந்து பேர் ஒரே நேரத்தில் திரும்பி வாயில் விரலை வைத்தார்கள். அவர்களுடைய பதிவில் குழந்தையின் சத்தம் விழுந்துவிட்டது. தேவாலயத்தில் பூசை நடுவில் குழந்தை அழுதால்கூட ஆட்கள் அப்படித் திரும்புவதில்லை.

மேலே போய் விமானம் நேரானதும் ஹோல்ட்காம்ப் எழும்பி ஒலிவாங்கியை எடுத்தார். நல்ல மனிதர். இதைச் சொல்லத்தான் வேண்டும். அன்றைக்கு அவர் செய்தது முழுக்க நல்ல மனதோடு செய்தது. முதலில் விமானத்தின் வயது, அது பறந்த நாடுகள், எஞ்சினின் பெயர் எல்லாம் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். பிறகு எங்கள் பக்கம் கையைக் காட்டி, முன்வரிசை நண்பர்கள் இல்லாவிட்டால் இன்று நாம் பறந்திருக்கமாட்டோம் என்றார். அதற்கும் கைதட்டல். பிறகு, அவர்கள் என்ன கொண்டாடுகிறார்கள் என்று நான் தந்தையிடம் கேட்டேன், அவர் மிகத் திறந்த மனதோடு விளக்கினார் என்றார்.

தமிழில் நாங்கள் அதை ஒருநாளும் சொல்வதில்லை. அழைப்பிதழில் பூ இருக்கிறது, புனிதம் இருக்கிறது, நீராட்டு இருக்கிறது. ஆளுயரப் படத்தோடு மண்டப வாசலில் பதாகை கட்டுவோம், ஆனால் நடந்தது என்னவென்று அதில் ஒரு சொல் இருக்காது. வீட்டில் அது "விசயம்". அத்தானின் ஜெர்மன், கடைக்கும் வரி அலுவலகத்துக்கும் போதுமான ஜெர்மன். அதில் பூ இல்லை. ஹோல்ட்காம்ப் கேட்டதும் அவர் வைத்தியரிடம் சொல்வதுபோலச் சொல்லியிருக்கிறார். பல்மருத்துவர் அதை அப்படியே ஒலிவாங்கியில் சொன்னார். இந்த இளம்பெண்ணுக்கு இந்த ஆண்டு முதலாவது மாதவிடாய் வந்திருக்கிறது, அவர்களுடைய பண்பாட்டில் இதை வெட்கப்படாமல் ஊர்கூடிக் கொண்டாடுகிறார்கள், நாம் கற்றுக்கொள்ள வேண்டியது என்றார். உடலைப் பற்றிய ஜெர்மன் சொல், சுத்தமாக, திருத்தமாக, கூரையில் இருந்த ஒவ்வொரு பழைய ஒலிபெருக்கியிலும் ஒலித்தது.  பிறகு விமானம் முழுவதும் கைதட்டியது. அத்தான் எழும்பித் திரும்பி நின்று கும்பிட்டார். அவர் வரிசையில் இருந்த யாருக்கும், அக்காவுக்கும்கூட, ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. நல்லதாகத்தான் சொன்னவர் என்று பெரிய தங்கை சொன்னார். அந்த மொழியில் பிறந்து வளர்ந்தவள் எங்களில் வேணுஜா ஒருத்திதான். அவளுடைய கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. விரல் நகம் பட்டுச்சட்டையைத் தாண்டி இறங்கியது.

அப்போதுதான் எட்டாவதோ ஒன்பதாவதோ வரிசையிலிருந்து ஒருவர் பாதி எழும்பி, அவளுக்குக் கட்டைவிரலைக் காட்டிச் சிரித்தார். தாடி, கண்ணாடி, கழுத்தில் கமெரா. அவளுடைய பௌதிக ஆசிரியர்.

வேணுஜா இருக்கைப் பட்டியைக் கழற்றிவிட்டு, சேலையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, என் காலைத் தாண்டி முன்னால் இருந்த கழிப்பறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாள்.

நான் போய்க் கதவருகில் நின்றேன். எனக்குப் பின்னால் உடனே வரிசை ஒன்று உருவாகிவிட்டது. ஒருவருக்கும் மூத்திரம் வரவில்லை. கழிப்பறையைப் படம் எடுக்க வந்தவர்கள். உள்ளே தண்ணீர் நீலமாக வருமாம், கைகழுவும் தொட்டி தொழிற்சாலையில் பூட்டிய அதே தொட்டியாம். நான் கதவில் வாயை வைத்து மெல்லக் கூப்பிட்டேன்.

"போங்கோ மாமா."

"கதவைத் திற பிள்ளை."

"அவர் திங்கக்கிழமை கிளாசுக்கு வருவார். எல்லாரும் ரெக்கோட் பண்ணினவை. எல்லாரும்."  பிறகு, "பைன்லிஷ்" என்றாள், மிக மெல்ல. கூச்சம், அவமானம், செத்துப்போகலாம் என்பது மூன்றுக்கும் இந்தப் பிள்ளைகளிடம் உள்ள ஒரே ஜெர்மன் சொல் அது. "நான் அந்தப் படியால இறங்கமாட்டன். எனக்கு ஏலாது."

"கொஞ்ச நேரந்தானே. கண்ணை மூடிக்கொண்டு வந்தாச் சரி. மாமா கையைப் பிடிக்கிறன்" என்றேன். சொல்லும்போதே என் வாயில் பச்சை முட்டை வாசம் வந்ததுபோல இருந்தது. அந்த முட்டையைக் கொடுத்த தங்கைமாரும் இதே குரலில்தான் சொன்னார்கள், கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாச் சரி என்று.

அவள் கழிப்பறைத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். இரைச்சலாக வந்தது. எனக்குப் பின்னால் நின்ற மனிதர் என் தோளுக்கு மேலால் கையை நீட்டி, பஞ்சு உறை போட்ட ஒலிவாங்கியைக் கதவின் இடுக்கில் வைத்தார். முகம் மலர்ந்திருந்தது. இதுதான், அசல் சத்தம் என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். அது நின்றதும் அவள் திரும்பவும் திறந்தாள். திரும்பவும். அந்தச் சத்தத்துக்குள் இருந்து அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவருடைய கருவிக்கும் தெரிந்திருக்கும். நான் அந்த ஒலிவாங்கியைப் பிடித்துத் தள்ளினேன். அவர் ஏதோ சொன்னார். வரிசையில் நின்றவர்களும் சொன்னார்கள்.

பணிப்பெண் வந்து, விமானம் இறங்கப்போகிறது, இருக்கைக்குப் போகவேண்டும் என்று தட்டியபிறகுதான் வேணுஜா கதவைத் திறந்தாள். கண்மை கன்னத்தில் வழிந்து, பூச்சில் இரண்டு கறுப்பு வாய்க்கால். அவள் அதைத் துடைக்கவில்லை.

"நீங்க இல்லாட்டி அவை செய்ய ஏலாதுதானே?" என்று கேட்டாள்.

அது அக்கா சொல்லும் கதை. வேலை முடிந்த களைப்பில் நான் எதற்கும் பின்னடித்தால், தாய்மாமன் இல்லாமல் ஒரு சடங்கும் இல்லை, நீ இல்லாட்டி ஒண்டும் நடக்காது என்பார். என்னை எழுப்பி நிறுத்துவதற்குச் சொன்னதை இவள் உண்மையென்று நம்பிக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் அவளைக் கொண்டுபோய் இருத்திவிட்டு, குனிந்து அக்காவின் காதில், பிள்ளை மாட்டன் என்கிறாள், விட்டுவிடுவோம் என்றேன்.

"எனக்கும் செய்தவை. நான் செத்தே போனன்?" என்றார் அக்கா. பிறகு குரலை இறக்கி, "உனக்குப் படுக்க இடம் தந்த மனுசன் அது. சபையில அவற்ற முகத்தில கரி பூசாதை, லவன்."

அத்தானுக்குக் கேட்டுவிட்டது. அவர் கோபப்படவில்லை. முன்னால் பார்த்தபடியே, "நீர் ஒண்டையும் யோசிக்காதையும். கையைப் பிடிச்சு இறக்கும். அது காணும்" என்றார்.

இறங்கும்போது விமானம் ஒருமுறை பக்கவாட்டில் விழுந்து எழும்பியது. பெரிய தங்கை முன்னால் இருந்த பையை இழுத்து அதற்குள் சத்தி எடுத்தார். பின்னால் இருந்து ஒரு குரல், கோபத்தில் இல்லை, உண்மையான துக்கத்தில், ஐயோ அது அசல் பை என்றது.

சக்கரம் தரையைத் தொட்டதும் அழுகையும் கைதட்டலும். விமானம் ஒதுக்குப்புறமான ஓர் இடத்தில் போய் நின்றது. ஒழுங்கு முன்னமே பேசியதுதான். எல்லாரும் மஞ்சள் அங்கியோடு முன்வாசல் படியால் இறங்கி, வரிசையாக வாலுக்குப் பின்னால் போய் நிற்பார்கள். பிறகு வால் திறக்கும், படிக்கட்டு இறங்கும், நானும் வேணுஜாவும் அதில் இறங்குவோம். சங்கத்தில் சிலர் இதை எதிர்த்திருக்கிறார்கள், படிக்கட்டில் ஆட்கள் நின்றால் படம் கெட்டுவிடும் என்று. ஹோல்ட்காம்ப் அவர்களுக்குச் சில நிமிடம் பொறுங்கள், பிறகு படிக்கட்டு முழுக்க உங்களுடையது என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஆசிரியர் எங்கள் வரிசையைத் தாண்டிப் போகும்போது நின்று, வாழ்த்துக்கள் வேணுஜா, மிக அழகாக இருக்கிறாய் என்றார். அவள் தன் மடியைப் பார்த்தாள். அத்தான் அவருடைய கையைக் குலுக்கி, ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கும் வரச்சொன்னார். அவர் சந்தோசமாக வருவதாகச் சொன்னார்.

எல்லாருக்கும் கடைசியாக அக்கா எழும்பினார். சேலை நுனியில் எச்சில் தொட்டு மகளின் கன்னத்துக் கறுப்பைத் துடைத்தார். பின்னலை முன்னால் எடுத்துவிட்டார். மஞ்சள் அங்கியின் பட்டியைப் பூட்டினார். அவர் செய்த எதற்கும் அவள் மறுக்கவில்லை, பொம்மையைப்போல இருந்தாள். சிரியம்மா என்றார். அவள் சிரிக்கவில்லை. அக்கா ஒரு கணம் அங்கேயே நின்றார். என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. வெளியே அத்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் போய்விட்டார்.

விமானத்துக்குள் நாங்கள் இரண்டு பேர், வால்பக்கம் கதவைத் திறக்கப்போன பொறியாளர், முன்வாசலோரச் சமையல் மூலையில் பணிப்பெண். நான் திரும்பிப் பார்த்தேன். கால்வைக்கும் இடமெல்லாம் குப்பை. அருங்காட்சியகத்துக்குப் போகிற இந்தத் தெய்வத்தைக் கும்பிட வந்தவர்கள் கடித்த பாண், சாறு ஊற்றிய கம்பளம், மூக்குத் துடைத்த கடதாசி எல்லாவற்றையும் அப்படியே விட்டுப்போயிருந்தார்கள். பின்னால் இரும்பு முனகியது. வால் திறக்கத் தொடங்கியிருந்தது. திறந்த இடைவெளியால் வெளிச்சமும் நாதஸ்வரமும் வந்தன. றெக்ஸின் ஒலிபெருக்கி. நான் அவளுடைய கையைப் பிடித்தேன். குளிர்ந்து ஈரமாக இருந்தது. நடுப்பாதையில் அவளை எழுப்பி நிறுத்தினேன். அவள் வாலைப் பார்த்துத் திரும்பி, முதல் அடியை வைத்தாள். அழவில்லை, இழுக்கவில்லை. விழுங்கிப் பழகியிருந்தாள்.

வீரம் ஒன்றும் இல்லை. பிள்ளைக்காகச் செய்தேன் என்றும் சொல்ல மாட்டேன். அந்த முதல் அடியைப் பார்த்தபோது எனக்குக் குமட்டியது, அவ்வளவுதான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

"இந்தப் பக்கம்" என்றேன்.

முன்வாசல் படியடியில் எங்கள் துப்புரவு வான் வந்து நின்றிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் யூலியா. என்னோடு இரவில் வேலை செய்கிறவள், சனிக்கிழமைகளில் பகலும் செய்வாள். கூட வந்தவர்கள் கையுறை மாட்டிக்கொண்டு ஏறிவந்தார்கள். பணிப்பெண் எங்களை மறித்து, மற்றப் பக்கம் அல்லவா என்றாள். நான் வேட்டி மடிப்பிலிருந்து ஊழியர் அட்டையை எடுத்துக் காட்டினேன். வேலை இல்லாத நேரத்தில் அதைக் காட்டுவது குற்றம், அட்டையைப் பறிப்பார்கள், வேலையும் அதோடு போகும். அவள் என் வேட்டியைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், வேணுஜாவின் முகத்தைப் பார்த்தாள். விலகினாள்.

யூலியாவிடம் பிள்ளையைக் கட்டடத்துக்குக் கொண்டுபோகவேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவள் பின் இருக்கையில் இருந்த குப்பைச் சாக்கை இழுத்து ஒதுக்கினாள். வேறொரு விமானத்திலிருந்து அள்ளிய குப்பை, கட்டு அவிழ்ந்து புளித்த பால் மணத்தது. வேணுஜா அதற்குப் பக்கத்தில் ஏறி இருந்து, பின்னலைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். குத்தூசிகளோடு, தன் சொந்த மயிரும் கொஞ்சம் சேர்ந்து, கழன்று வந்தது. அதைச் சாக்கின் மேல் வைத்தாள். நெற்றியில் ஒரு பொட்டு இரத்தம்.

"அம்மா அழுவா" என்றாள்.

"ஓம்."

"உங்களை வீட்டை விடமாட்டினம்."

"ஓம்."

கட்டடத்துக்குப் போக ஒரே பாதைதான், வாலைச் சுற்றிப் போகவேண்டும். ஆட்கள் நிற்கும் இடத்தில் நடை வேகத்தில்தான் ஓட்டலாம். யூலியா சட்டத்தை மீறுகிறவள் இல்லை. வான் விமானத்தின் வயிற்றோரமாக ஊர்ந்து போனது. வேணுஜா குனிந்துகொண்டாள். நான் குனியவில்லை.

படிக்கட்டு முழுதாக இறங்கி நிலத்தில் பதிந்திருந்தது. அதற்கு முன்னால் அரைவட்டமாக மஞ்சள் அங்கிகள், சிலர் முழங்காலில், சிலர் வயிற்றில் படுத்து. கமெராக்கள் மழை பெய்வதுபோலச் சடசடத்தன. ஒருவரும் வராத வெறும் படிக்கட்டு. அவர்கள் கேட்டது அதைத்தான். ஆசிரியர் படுத்திருந்தவர்களில் ஒருவர், கமெராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஹோல்ட்காம்ப் இரண்டு கையையும் விரித்து, அந்த ஒளி அப்படியே இருக்கவேண்டும் என்று வேண்டுகிறவர்போல நின்றார். றெக்ஸ் கமெராவைத் தோளில் வைத்துக் காத்திருந்தான். நாதஸ்வரம் ஒரு தடவை முடிந்து திரும்பவும் தொடங்கியது. அத்தான் படியின் கீழே, வாலுக்குள் இருந்த இருட்டைப் பார்த்து, தாடையைத் தூக்கி நின்றார்.

அவருக்குப் பக்கத்தில் அக்கா ஆலாத்தித் தட்டோடு நின்றார். எல்லாரிலும் அவர் ஒருவர்தான் வான் வருகிற பக்கம் பார்த்தார். முதலில் என்னைக் கண்டார். பிறகு, எனக்குப் பின்னால், சாக்கின் மேல் கிடந்த பின்னலைக் கண்டிருக்க வேண்டும். அவருடைய வாய் கொஞ்சம் திறந்தது. எங்களுக்கு இடையில் இரண்டு பாய் விரிக்கிற தூரம்கூட இல்லை. அத்தான் வானின் சத்தத்துக்குத் தலையைத் திருப்பத் தொடங்கினார். அக்கா அவருடைய முழங்கையைத் தொட்டு ஏதோ சொன்னார். அவர் மறுபடியும் மேலே பார்த்தார். அக்காவும் முகத்தைத் திருப்பி, தட்டை முன்னைவிட உயர்த்தி, வெறும் படிக்கட்டுக்கு நேரே பிடித்தார். விமானத்துக்கு அருகில் நெருப்புக் கூடாது என்று தட்டில் பற்றரி விளக்குகள் வைத்திருந்தார்கள். திறந்த வெளியில் காற்று அவருடைய சேலையை ஒரு பக்கமாக அடித்து இழுத்தது, தட்டிலிருந்த பூவிதழ்கள் ஒவ்வொன்றாகப் பறந்து போயின. விளக்குகளின் பிளாஸ்ரிக் சுடர் மட்டும் ஒரே மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.